எந்தப் பக்கம் தள்ளினாலும்

கண்டென்சர் போன மின்விசிறியை எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கம் சுற்றும். ஒட்டடைக் கம்பை நீட்டி றெக்கையைத் தள்ளிப் பழகிய வீடுகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஸ்விட்சைப் போட்டதும் மேலே ஒரு உறுமல் எழும், றெக்கை அசையாது, கம்பு நுனியால் லேசாக ஒரு தள்ளு, அதன் பிறகு அதுவாகவே வேகம் பிடித்துக்கொள்ளும். வழக்கமான திசையில் தள்ளினால் காற்று கீழே இறங்கும். எதிர்த்திசையில் தள்ளினாலும் அதே உறுமலோடு, அதே ஒழுங்கோடு, கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் அந்தத் திசையிலேயே சுற்றிக் காற்றைக் கூரைப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும். முரண்டு பிடிக்காத இந்த இடத்தில்தான் என் மனம் சில காலமாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கூடத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே திசையில் சுற்றிய பொருளுக்கு அந்தத் திசை சொந்தமாகிவிட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் அடியில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள், பந்தி போட்டிருக்கிறார்கள், சித்திரை வெயிலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கண்டென்சர் பெட்டி செத்துப்போன மறுநிமிடமே, அந்தப் பழக்கம் விசிறியில் எங்கும் தங்கியிருக்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. இரும்பில் இல்லை, செம்பில் இல்லை, கிரீஸ் காய்ந்த பேரிங்கில் இல்லை. சிறுபிள்ளை ஒருத்தி கம்பை எடுத்து மாற்றித் தள்ளினால் அதையே தன் வழியாக ஏற்றுக்கொள்கிறது. முதலில் பார்த்தபோது வியப்பாக இருந்தது. வியப்பு போன பிறகும் போகாமல் தங்கிவிட்ட ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அந்த உறுமலை யாரும் நின்று கேட்பதில்லை. கேட்ட உடனே அணைத்துவிடுவோம். அணைக்கத்தான் வேண்டும், நின்றபடி உறுமும் மோட்டார் சுற்றுகிற மோட்டாரைவிடச் சீக்கிரம் சூடேறும். ஆனாலும் ஸ்டூல் மேல் ஏறிக் காதைக் கிட்டே கொண்டுபோய்ச் சற்று நேரம் கேட்டேன். அதில் பலவீனம் எதுவும் தெரியவில்லை. மின்சாரம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை போய்த் திரும்புவது. அதனால் உள்ளே இருக்கும் செம்புச் சுருளின் காந்தம் ஒரு நொடியில் 100 முறை உச்சிக்கு ஏறி இறங்குகிறது. ஒரு உச்சியில் வடக்காக இருந்த முனை அடுத்த உச்சியில் தெற்கு. காதில் விழுவது அந்த நூறு. ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும்போது இந்த ஏற்ற இறக்கம் முழுக்க ஒரே கோட்டில் நடக்கிறது: முன்னும் பின்னும், முன்னும் பின்னும். மின்பொறியியல் பாடத்தில் இதை வேறொரு விதமாகவும் சொல்வார்கள். ஒரே கோட்டில் ஆடும் காந்தப்புலம் என்பது, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரண்டு சமமான புலங்கள் சேர்ந்தது என்பார்கள். வலம் ஒன்று, இடம் ஒன்று. நின்றுகொண்டிருக்கும் றெக்கையை இரண்டும் ஒரே அளவில் இழுப்பதால் அது எங்கேயும் போவதில்லை. கம்பால் ஒரு பக்கம் நகர்த்திவிட்டால் அந்தப் பக்கத்துப் புலத்தின் பிடி ஏறிவிடுகிறது, மற்றதின் பிடி தளர்கிறது, விசிறி கிளம்பிவிடுகிறது. கணக்குப் போட வசதியாகச் செய்துகொண்ட ஒரு பிரிப்புதான் இது என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஓடுகிறதே, அதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் கிடையாது. நிற்கிற விசிறிக்குள் இரண்டு முழுச் சுழற்சிகள் இருக்கின்றன. அதன் உடம்பைத் தொட்டால் சுடுகிறது.

திரிகையில் உளுந்து உடைத்தவர்களுக்கு இதன் மறுபாதி எளிதில் விளங்கும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து குச்சியை நேர்க்கோட்டில் இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தால், கோட்டின் இரண்டு முனையிலும் கல் தயங்கும். அங்கிருந்து வலமாகவும் போகலாம், இடமாகவும் போகலாம். பக்கவாட்டில் இன்னொருவர் உட்கார்ந்து, முதலாமவரின் கை ஓய்கிற அந்தக் கணத்தில் தன் பக்கம் இழுத்தால் கல் சுற்றிவிடும். இரண்டாமவர் வேறொரு இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறொரு நேரத்தில் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். விசிறிக்குள் அந்த இரண்டாமவர்தான் ஸ்டார்ட்டிங் வைண்டிங். அதை வேறு இடத்தில் உட்காரவைப்பது எளிது. முதல் சுருளான ரன்னிங் வைண்டிங்கின் பள்ளங்களுக்கு இடையில் சுற்றிவிட்டால் போதும். வேறு நேரத்தை எங்கிருந்து கொண்டுவருவது? தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது ஒரே மின்சாரம், ஒரே நேரம். அங்கேதான் கண்டென்சர் வருகிறது. அதன் வழியாகப் போகும் மின்னோட்டம் மற்றச் சுருளின் மின்னோட்டத்தைவிட முந்திப் போகிறது, ஏறக்குறையக் கால் சுற்று. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வந்துபோகும் அலையில் கால் பங்கு 5 மில்லிசெகண்ட். நொடியில் இருநூறில் ஒரு பங்கு. ஒரு கூடத்தையே குளிர்விக்கும் காற்றுக்கு இந்த நேர வித்தியாசம்தான் மூலம் என்பதை எண்ணிப் பார்க்க எனக்கு இன்னமும் திகைப்பாக இருக்கிறது. கண்டென்சர் தனக்கென்று மின்சாரத்தைச் செலவழிப்பதும் இல்லை. வாங்கியதை அடுத்த கணமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வேலை முழுவதும் செம்பும் இரும்பும் செய்கின்றன. எந்தப் பக்கம் என்பதை மட்டும் அது சொல்கிறது, அதுவும் கிளம்பும்போது ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகவில்லை, ஓடுகிற நேரமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இத்தாலியின் துரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் என்ற பேராசிரியருக்கு 1885-இல் கால் சுற்று வித்தியாசம் என்ற இந்த எண்ணம் ஒளியிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு ஒளி அதிர்வுகள் சம அளவில், கால் சுற்று வித்தியாசத்தில் சேர்ந்தால் அதிர்வின் நுனி வட்டம் போடும். ஒன்று குறைந்தால் வட்டம் சப்பி நீள்வட்டமாகும். ஒன்று முற்றிலும் இல்லாமல் போனால் வெறும் கோடு. காந்தத்துக்கும் இதையே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு சுருள்களைச் செங்குத்தாக வைத்து, ஒன்றின் மின்னோட்டத்தைச் சற்று விலக்கி, நடுவில் ஒரு செம்பு உருளையை நிறுத்தினார். யாரும் தொடாமல், உருளைக்கு எந்தக் கம்பியும் போகாமல், அது சுற்றியது. அதை 1888 மார்ச் 18 அன்றுதான் துரின் அறிவியல் கழகத்தில் வெளியிட்டார். அதே ஆண்டு மே முதல் நாள் அமெரிக்காவில் டெஸ்லாவுக்கு இதே வகை மோட்டாருக்கான காப்புரிமைகள் கிடைத்தன. ஃபெராரிஸோ காப்புரிமைக்குப் போகவே இல்லை. அதோடு, இப்படிப்பட்ட மோட்டார் உள்ளே வாங்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெளியே தராது, தொழிலுக்கு ஆகாது என்று தவறாகக் கணக்கிட்டும் வைத்தார். யார் முந்தி என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. ஃபெராரிஸிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வட்டம், நீள்வட்டம், கோடு என்ற அந்த வரிசையை. கெட்டுப்போகும் கண்டென்சரின் வரலாறு முழுவதும் அந்த வரிசையில் அடங்கிவிடுகிறது. முழு அளவில் இருக்கும்போது காந்தம் வட்டத்துக்கு நெருக்கமாக ஒன்றைப் போடுகிறது. குறையக் குறைய வட்டம் சப்புகிறது. கடைசியில் கோடாகி, உறுமல் கேட்கிறது. உறுமல் கேட்ட நாளில்தான் நாம் கெட்டுப்போய்விட்டது என்கிறோம். வட்டம் சப்பிக்கொண்டிருந்த ஆண்டுகளுக்கு நம்மிடம் பெயர் எதுவும் இல்லை.

நான் மனதில் வைத்துக்கொண்டு எழுதும் விசிறி கும்பகோணத்தில் அத்தை வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. 1950-களில் வாங்கியது. வார்ப்பிரும்பு உடம்பு, 56 அங்குல வீச்சு, தகரத்தை வளைத்த மூன்று றெக்கைகள். கழற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும். சுவரில் ரெகுலேட்டர் தனிப் பெட்டியாக, உள்ளே சுருள் சுருளாகத் தடைக் கம்பியோடு இருக்கும். இரண்டிலோ மூன்றிலோ வைத்துக் கையை ஒட்டினால் வெதுவெதுப்பாகத் தெரியும், குறைத்த வேகம் அங்கே வெப்பமாகப் போய்க்கொண்டிருக்கும். ஐந்தில் வைத்தால் தடை எதுவும் குறுக்கே வராது. அந்தக் குமிழ் பல ஆண்டுகளாக ஐந்தை விட்டு நகர்ந்ததில்லை. யாராவது காற்றுப் போதவில்லை என்றால் அத்தை குமிழைப் பார்ப்பார், பிறகு, “வோல்டேஜ் இல்லப்பா, என்ன பண்றது” என்பார். அதை யாரும் மறுத்ததில்லை. மறுக்கவும் முடியாது. இந்த வகை மோட்டாரின் முறுக்குவிசை, மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆகிவிட்டால் முறுக்கு ஏறக்குறைய 61 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். கோடையில் தெரு முழுவதும் விசிறி போடும் நேரத்தில் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். அத்தை சொன்ன காரணம் பல இரவுகளில் உண்மையான காரணம். வேறொரு காரணம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள அதுவே இடம் கொடுத்துவிட்டது.

இப்போது கிடைக்கும் விசிறிக் கண்டென்சர்களுக்குள் இருப்பது பாலிப்ரொப்பிலீன் படலம். சில மைக்ரான் கனம்தான் இருக்கும், தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதன் மேல் அதைவிடப் பல மடங்கு மெல்லிய உலோகப் பூச்சு. இப்படி இரண்டு நாடாக்களைச் சேர்த்துச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். படலத்தில் எங்காவது பலவீனமான புள்ளியில் மின்சாரம் துளைத்துவிட்டால், அந்தத் துளையைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு நொடியின் மிகச் சிறு பங்கில் ஆவியாகிப் போய்விடும். உலோகம் இல்லாத இடத்தில் மின்சாரம் பாயாது என்பதால் காயம் அங்கேயே அடைபட்டுவிடும். கண்டென்சர் வேலையை நிறுத்தாது. தானே ஆற்றிக்கொள்ளும் வகை என்று விற்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஒவ்வொரு முறை ஆறும்போதும் ஊசிமுனை அளவு பரப்பு போய்விடுகிறது. பரப்பு போனால் கொள்ளளவு போகும். 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்த பெட்டி 2.3 ஆகும், 2 ஆகும், அதற்கும் கீழே போகும். வெளியே வீக்கமோ கசிவோ கருகலோ இருக்க வேண்டியதில்லை. இதை நல்ல ஏற்பாடு என்று சொல்லத்தான் வேண்டும்; துளைத்த இடத்தில் தீப்பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். என்னை உறுத்துவது, இப்படிக் கெடுவதில் எந்த நாளையும் சுட்டிக்காட்ட முடியாது என்பது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இல்லை. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும்கூட இல்லை. எந்தக் கோடையையும் அதற்கு முந்திய கோடையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க யாராலும் முடியாது.

மாமா தன் கடைசிக் கோடையில் அந்த விசிறிக்கு அடியில்தான் கிடந்தார். 2012. சென்னைக்கு வெளியே ஊரெல்லாம் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த ஆண்டு. மின்சாரம் வந்த நேரத்திலும் அவர், “ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வையி” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். “அஞ்சுலதாங்க ஓடுது” என்பார் அத்தை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு மறுபடியும் அதையே கேட்பார். பார்க்க வந்தவர்கள் ரெகுலேட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஐந்தில்தான் இருக்கிறது என்று அவருக்கு உறுதி சொல்வார்கள். உடம்பில் எரிச்சல், அதனால் அப்படித் தோன்றுகிறது என்று மருந்து கொடுக்க வந்தவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். ஈரத்துணியால் கைகால்களைத் துடைத்தார்கள், பனையோலை விசிறி எடுத்து முறைவைத்து வீசினார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. அவர் சொன்னதை அவரது நோயின் கணக்கில் எழுதிவிட்டார்கள், அவ்வளவே. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து அதே விசிறியின் கண்டென்சரைக் கழற்றி மீட்டரில் வைத்தபோது 1.4 என்று காட்டியது. 2012-இல் அது எவ்வளவு இருந்திருக்கும் என்பதற்கு எந்த வழியிலும் விடை கிடையாது. இறங்குகிற வேகம் சீரானதில்லை. பின்னோக்கிக் கோடு போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த கணத்திலிருந்து மாமாவின் குரல் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

கண்டென்சரை மாற்றும் வேலை என்னவோ சின்னதுதான். மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்து, கம்பியோடு சேர்ந்த மேல்மூடியைத் தளர்த்திக் கீழே இறக்கினால் உள்ளே எல்லாம் தெரியும். குளவி கட்டிய மண்கூடு, பல்லி முட்டை ஓடு, கைவிரலில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும் எண்ணெய்ப் பிசுக்கு. அங்கே இரண்டு கண்டென்சர்கள் இருந்தன. ஒன்று விசிறியோடு வந்த உலோக டப்பா, கம்பி எதுவும் சேராமல், ஆனால் அதன் பட்டையை விட்டு அகற்றப்படாமல் இருந்தது. இன்னொன்று எப்போதோ ஒரு எலெக்ட்ரீஷியன் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டி. டேப் சுற்றி அந்த டப்பாவோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. செத்ததை எடுக்காமல் அதன் தோளிலேயே புதியதைக் கட்டிவைத்திருந்த அந்தக் கைப்பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பழைய டப்பா எண்ணெயில் ஊறிய காகிதமும் அலுமினியத் தாளும் சேர்ந்த வகை. அந்தக் காலத்துக் கண்டென்சர் எண்ணெயைத் தொட யோசிக்க வேண்டும். தீப்பிடிக்காத எண்ணெய் என்று 1929 முதல் அமெரிக்காவில் தயாரித்துவந்த பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்கள் உலகெங்கும் கண்டென்சர்களிலும் டிரான்ஸ்பார்மர்களிலும் போய்ச் சேர்ந்தன. மண்ணிலும் உடலின் கொழுப்பிலும் அழியாமல் தங்கும் நஞ்சு என்று தெரிந்து 1979-இல் அங்கே தடை செய்தார்கள், 2001-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலகம் முழுமைக்கும் அதை விலக்கப் பட்டியலில் வைத்தது. பெயர் அழிந்த டப்பாவைச் சந்தேகத்தோடு கையாள்வதே முறை. கையுறை போட்டு, திறக்காமல், அமுக்காமல், ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தேன்.

கடினமான கேள்வி எந்த அளவைப் போடுவது என்பதில் வந்தது. உதவிக்கு வந்த எலெக்ட்ரீஷியன், “மூணு பதினஞ்சு போட்டுறலாம் சார், பறக்கும்” என்றார். 3.15 மைக்ரோஃபாரட். அவர் சொன்னது பொய்யில்லை, பெரும்பாலான விசிறிகளின் வேகம் அதில் சற்றுக் கூடும். ஆனால் கூடுதல் மின்னோட்டம் போவது ஸ்டார்ட்டிங் வைண்டிங் வழியாக, அதன் மெல்லிய கம்பி எப்போதும் சூடாகவே இருக்கும். வட்டம் ஒரு பக்கம் சப்பியிருந்தது போய் இன்னொரு பக்கம் சப்பும், அதிர்வும் இரைச்சலும் கூடும். பழைய விசிறிக்கு இது நல்லதில்லை என்பது என் உறுதியான எண்ணம். வேகம் குறைந்த விசிறியைக் கண்டதும் பெரிய கண்டென்சரைப் போடுவது, அதை என்னவாக இருக்கச் சொல்லிச் செய்தார்களோ அதைக் கேட்காமலே அதற்குக் கட்டளையிடுவது. 2.5-தான் போட்டோம். அப்படியும் ஒரு சந்தேகம் தீரவில்லை. இந்த விசிறி ஒருமுறை காயில் கருகி, கடைத்தெருவில் ரீவைண்டிங் ஆகி வந்தது என்று அத்தை சொன்னார். கம்பியின் தடிப்பும் சுற்றுகளின் எண்ணிக்கையும் அன்றைக்கு அந்தக் கடைக்காரரின் கணக்கு. தொழிற்சாலையில் குறித்த அளவு இன்றைய சுருளுக்குப் பொருந்துமா? கடைசியில் சுருளைச் சூடு பார்த்து, இரைச்சல் கேட்டு, க்ளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வெளிநாடுகளில் பழைய விசிறி, ரேடியோ சேகரிப்பவர்கள் சிலர் பழைய டப்பாவின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் புதிய கண்டென்சரை அதற்குள் வைத்து மூடிவிடுவார்கள், பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது. அந்த அழகுணர்ச்சியை மதிக்கிறேன், ஆனால் பின்பற்ற மனம் வரவில்லை. அடுத்து இதைத் திறக்கிற கைக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். பெட்டியின் மேல் அழியாத மையில் தேதியையும் அன்று மீட்டர் காட்டிய 2.48 என்ற எண்ணையும் எழுதினேன்.

அந்த எலெக்ட்ரீஷியன் பம்புசெட் வேலையும் செய்பவர். ஆற்றுப் பாசனம் எட்டாத இடங்களில் போர்வெல்லை நம்பி நடும் கொல்லைகளில் அவருக்கு வேலை அதிகம். மூன்று ஃபேஸ் மின்சாரம் வராத நேரத்தில் இரண்டு ஃபேஸ்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கண்டென்சரைப் போட்டு, இல்லாத மூன்றாவது ஃபேஸை உண்டாக்கி மோட்டாரை ஓட்டுவார்கள். “பயிர் காயுது சார், மூணாவது ஃபேஸ் வர்ற வரைக்கும் காத்திருக்குமா” என்றார் அவர். மோட்டார் கொதிக்கும், சமயத்தில் காயில் எரிந்துபோகும், டிரான்ஸ்பார்மருக்கும் சுமை. மின்வாரியம் இதை அனுமதிப்பதில்லை. ஆனாலும் நடுராத்திரியில் வரப்பில் டார்ச்சோடு நிற்கிற ஒருவருக்கு, கம்பத்தில் வராத ஒரு நேரத்தைக் கைப்பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து எடுத்துத் தண்ணீரை மேலே கொண்டுவர முடிகிறது. துரினில் செம்பு உருளையைச் சுற்றவைத்த அதே எண்ணம்தான் இங்கே முந்நூறு அடி ஆழத்தில் வேலை செய்கிறது. விசிறிக்குத் திரும்பினால், இப்போது வரும் பிஎல்டிசி விசிறிகளில் இந்தக் கண்டென்சர் இல்லை. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதைச் சில்லு ஒன்று கணக்கிட்டு அனுப்பிவிடுகிறது. 75 வாட் தின்ற இடத்தில் 30 வாட் போதும். அத்தை வீட்டின் மற்ற அறைகளுக்கு அதைத்தான் வாங்கச் சொல்லியிருக்கிறேன், அதில் எனக்குத் தயக்கமில்லை.

புதிய கண்டென்சரோடு கூடத்து விசிறி ஓடியபோது சுவரில் இருந்த நாள்காட்டித் தாள்கள் படபடத்தன. அத்தை எழுந்து போய்க் குமிழை ஐந்திலிருந்து மூன்றுக்குத் திருப்பினார். எத்தனையோ ஆண்டுகளாகத் திரும்பாத குமிழ் கிறீச்சிட்டது. “முன்னாடி இப்பிடியா ஓடுச்சு?” என்று என்னைக் கேட்டார். நான் பிள்ளையாக வந்து போன நாட்களில் அது எப்படி ஓடியது என்று எனக்கு நினைவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா விசிறியும் வேகமாகத்தான் ஓடும். பிறகு கூடத்தைப் பார்த்தேன். கட்டில் சரியாக விசிறிக்கு நேர் கீழே இருந்தது, சுவரை விட்டு எங்கோ நடுவில். ஒரு காலத்தில் அது ஜன்னலோரம் இருந்தது. பகலில் சாய்ந்துகொள்ளும் நாற்காலியும் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்திருக்கிறது. விருந்தாளிகளுக்கு மட்டும் ஓரத்து பெஞ்சு. காற்று சுருங்கிய அளவுக்கு வீடும் அதன் கீழே சுருங்கி உட்கார்ந்திருக்கிறது, ஒருவரும் முடிவு செய்யாமலே. குறைந்தது எவ்வளவு என்று எங்கேயாவது பதிவாகியிருக்கிறது என்றால் அது அந்தக் கட்டில் நகர்ந்த தூரத்தில்தான்.

மறுநாள் பின்கட்டு அறை விசிறியையும் பார்க்கச் சொன்னார் அத்தை. அதுவும் மந்தமாகத்தான் ஓடியது. கண்டென்சரைக் கழற்றி அளந்தால் 2.4, குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரிங் நன்றாக இருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்விட்ச் போர்டில் மீட்டரை வைத்தேன்: 196 வோல்ட். முறுக்கு 73 விழுக்காட்டுக்குத்தான் தேறும். அத்தை சொல்லிவந்த வோல்டேஜ் இங்கே கண்ணெதிரே நிற்கிறது. 2012-இல் இதைவிட மோசமாக இருந்திருக்கும். அப்படியானால் மாமாவுக்குக் காற்று வராததற்குக் கண்டென்சர்தான் காரணம் என்று நான் மனதுக்குள் கட்டிக்கொண்டது தளர்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கலாம், எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. இதை அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார். “அப்போ அவரு சொன்னது சரிதானே?” என்றார். சரிதான். வோல்டேஜோ கண்டென்சரோ, எதுவாக இருந்தாலும் காற்று குறைவாகத்தான் வந்தது, அதைத்தான் அவர் சொன்னார். ஐந்து என்ற எண் தடைக் கம்பி விலகியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது, காற்றைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் அத்தனை பேரும் அவருக்குப் பதில் சொன்னார்கள்.